பனியாறும் ஏரிக்கணக்கும்

நீரைத் தேக்கி வைத்தல் ஓர் அறம். தேக்கிய நீருக்குக் கணக்கு வைத்தல் அவ்வறத்திற்குக் காவல். இவ்வுண்மையை நம் நாட்டார் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் சான்றாக நிற்கின்றது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழனது ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டு உள. குடவோலை முறையைக் கூறும் அச்சாசனங்களைப் பற்றி நம் மாணவர் யாவரும் சரித்திர பாடத்திற் படித்திருப்பர். முப்பது குடும்புகளினின்றும் ஓலையெடுத்துச் சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவரையும், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரையும், ஏரி வாரியத்திற்கு அறுவரையும் தேர்ந்த முறை அங்கே விரிவாகக் கூறப்பட்டுள்ளது. வாரியத்தார் பணி செய்யும் காலம் 360 நாள். இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது பிறிதொரு விதி: முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் இடப்பெறார்.

இக்கட்டுரை சாசன ஆராய்ச்சி அன்று. இமயத்திலும் துருவங்களிலும் உறைந்து கிடக்கும் நீரைப் பற்றி இன்றைய விஞ்ஞானிகள் செய்துவரும் ஆராய்ச்சியை எளிய முறையில் விளக்குவதே இதன் நோக்கம். எனினும், பனியையே காணாத நம் பக்கத்து மாணவர்க்கு அவ்வாராய்ச்சியின் உட்பொருளை விளக்க உத்திரமேரூர் ஏரிக்கரையினும் ஏற்ற இடம் வேறில்லை. ஏனெனில் பனியாறும் ஓர் ஏரியே, அவ்வாராய்ச்சியும் ஏரிக்கணக்கே.

பனியாறு யாது?

உயர்ந்த மலைகளில் மாரிக்காலத்திற் பெய்யும் பனி முழுவதும் கோடையில் உருகிவிடுவதில்லை. எஞ்சிய பனியின்மேல் அடுத்த ஆண்டின் பனி வீழ்கின்றது. இங்ஙனம் படலத்தின்மேற் படலமாக அடுக்கி வருங்கால், அடியிலுள்ள மெல்லிய பனி மேலுள்ள பாரத்தால் அழுந்திக் காற்றை இழந்து கெட்டியான பனிக்கட்டியாகின்றது. அதன் கனம் மிகுந்தபொழுது அது தன் எடையாலேயே பள்ளத்தாக்கின் வழியே மெல்லக் கீழ்நோக்கி நகர்கின்றது. இதுவே பனியாறு எனப்படுவது. கண்ணுக்கு அசையாததுபோலத் தோன்றினும், அது ஆறே ஆகும். பாகீரதி நதி பிறக்கும் கங்கோத்ரிப் பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முடிவிடத்தையே கோமுகம் என்பர்.

நம் ஏரி ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கிக் கோடை வரையில் வயலுக்கு அளிக்கின்றது. பனியாறும் அவ்வாறே குளிர்காலத்துப் பனியை வாங்கி, மழையற்ற நாளில் நதிக்கு நீராக அளிக்கின்றது. வரவு மேற்பகுதியில் நிகழ்கின்றது. செலவு கீழ்ப்பகுதியில் நிகழ்கின்றது. இரண்டிற்கும் இடையே வரவும் செலவும் சமமாகும் உயரம் ஒன்றுண்டு. வெப்பம் மிகுந்த ஆண்டில் அவ்வெல்லை மலைமேல் ஏறும். குளிர்ந்த ஆண்டில் இறங்கும்.

கழிகளும் குழிகளும்

இக்கணக்கை எவ்வாறு எடுப்பது? முறை எளிது, செய்தல் அரிது. பனியாற்றின் கீழ்ப்பகுதியில் நீராவித் துளைப்பானால் ஆழ்ந்த துளையிட்டு மூங்கிற்கழிகளை நடுவர். ஓராண்டு கழித்துச் சென்று நோக்கின், பனி உருகிய அளவுக்குக் கழி வெளியே தெரியும். மேற்பகுதியிலோ குழிவெட்டி, அவ்வாண்டு வீழ்ந்த பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் அளப்பர். புதுப்பனி இலேசானது, பழம்பனிக்கட்டி ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 900 கிலோகிராம் எடையுள்ளது. ஆதலால் ஆழத்தை மட்டும் கூறுதல் பயனற்றது. எல்லாவற்றையும் நீரின் அளவாக மாற்றிக் கூறுதலே வழக்கம். இமயத்திற் பனியாற்றுக் கணக்காண்டு பெரும்பாலும் அக்டோபர் முதல் நாளில் தொடங்கிச் செப்டம்பர் இறுதியில் முடிவது. ஏரி வாரியத்தாரைப் போலவே பனியாற்றாராய்ச்சியாளரும் ஆண்டுக்கொருமுறை கணக்கு முடிக்கின்றனர் என்பதைக் காண்க.

இமாசலப் பிரதேசத்தில் சந்திரா நதிப் படுகையிலுள்ள சோட்டா சிக்ரி என்னும் பனியாற்றில் 2002ஆம் ஆண்டு முதல் இக்கணக்கு இடையறாது எடுக்கப்பட்டு வருகின்றது. அப்பனியாறு ஏறக்குறைய 15 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. சில ஆண்டுகளில் வரவு மிகுந்ததும் உண்டு. ஆயினும் 2002 முதல் 2019 வரையிலான சராசரியை நோக்கின், ஆண்டுதோறும் அதன் பரப்பு முழுவதிலும் ஏறக்குறைய அரை மீட்டர் நீர் குறைந்து வந்திருக்கின்றது. கணக்கிற் பழகிய மாணவர் இதனைப் பெருக்கிப் பார்க்கலாம்: ஆண்டொன்றுக்கு எழுபத்தைந்து இலட்சம் கன மீட்டர் நீர் முதலினின்றும் செலவாகின்றது. வட்டியில் வாழாது முதலை உண்பவன் நிலையை இது நினைவூட்டும். அதே படுகையில் 2016ஆம் ஆண்டில், கடல்மட்டத்திற்கு மேல் நாலாயிரம் மீட்டருக்கும் உயர்ந்த ஓரிடத்தில், கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தார் ஹிமான்ஷ் என்னும் நிலையத்தை நிறுவினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பனியாற்றின் முனை பின்வாங்குதல் வேறு. அதன் முதல் குறைதல் வேறு. கங்கோத்ரியின் முனையை 1935ஆம் ஆண்டில் ஆடன் என்னும் புவியியலார் படம் வரைந்து குறித்தார். அன்றுதொட்டு இன்றளவும் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியுள்ளது. ஆனால் ஏரியின் நீர்விளிம்பை மட்டும் பார்த்து ஆழத்தைக் கூற இயலாதவாறு போல, முனையை மட்டும் பார்த்துப் பனியாற்றின் நிலையைக் கூறவொண்ணாது. கற்களாலும் மண்ணாலும் மூடுண்ட சில பனியாறுகள் முனை நகராமலே மெலிந்து வருதலும் உண்டு.

ஒரு பிழையும் அதன் பாடமும்

கணக்கின் இன்றியமையாமையை விளக்க ஒரு வரலாறு கூறுவேன். 2007ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் நான்காம் அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டிற்குள் மறைந்துபோகக்கூடும் என்று ஒரு வாக்கியம் புகுந்துவிட்டது. அதற்கு அளவைச் சான்று இல்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி அத்துணை விரைவில் உருகாது என்பதைப் பனியாற்றியல் வல்லுநரே எடுத்துக் காட்டினர். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் அக்குழு தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இதனைக் கேட்டுச் சிலர், "எல்லாம் பொய்யச்சம்" என்று அமைந்தனர். அஃது இரண்டாவது பிழை. வாக்கியம் தவறாயினும் கழிகள் காட்டிய குறைவு தவறன்று. இந்து குஷ், இமயப் பகுதிகளைப் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான மதிப்பீடு, உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அப்பனியாறுகளில் மூன்றிலொரு பங்கு அழியும் எனக் கூறிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சிக்கிமில் பனியாற்றின் அடியில் தேங்கியிருந்த தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த அணையை அடித்துச் சென்றதும், பலர் உயிரிழந்ததும் நாம் அறிந்தனவே. ஆதலின் அச்சத்தையும் கணக்கின்றி ஏற்றலாகாது. ஆறுதலையும் கணக்கின்றி ஏற்றலாகாது.

துருவத்துப் பனிப்படலம்

இமயத்துப் பனியாறு ஏரியாயின், அண்டார்க்டிகாவின் பனிப்படலம் கடல் எனலாம். அதன் பரப்பு ஏறக்குறைய 140 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். சராசரிக் கனம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அது முழுவதும் உருகுமாயின் உலகக் கடல்மட்டம் 58 மீட்டர் அளவு உயரும். கிரீன்லாந்தின் பனி உருகுமாயின் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். இவை ஒரு தலைமுறையில் நிகழ்வன அல்ல. ஆயினும் சிறு பங்கு குறைதலே கடற்கரை மக்களுக்குப் பேரிடர்.

நம் நாட்டின் முதல் அண்டார்க்டிகாப் பயணக்குழு, டாக்டர் காசிம் தலைமையில் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் கோவாவினின்று புறப்பட்டு, 1982ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே கரையேறிற்று. பின்னர்ப் பனிமேல் நிறுவிய தட்சிண கங்கோத்ரி நிலையம் நாளடைவில் பனியிற் புதைந்து கைவிடப்பட்டது. ஆதலின் 1989ஆம் ஆண்டில் பாறை நிலத்தில் மைத்ரி நிலையமும், 2012ஆம் ஆண்டில் பாரதி நிலையமும் எழுந்தன. வீழும் பனி வரவு என்பதை அப்புதைந்த நிலையமே உணர்த்திற்று.

இத்துணைப் பெரிய பரப்பிற் கழி நட்டு அளத்தல் இயலுமோ? இயலாது. ஆதலால் விண்கோள்களின் துணையால் மூன்று வழிகளிற் கணக்கெடுக்கின்றனர். பனிமேற்பரப்பின் உயரத்தை ஒளிக்கதிரால் அளப்பது ஒன்று. வீழும் பனியினின்று, கடலிற் சென்று சேரும் பனிக்கட்டியைக் கழிப்பது மற்றொன்று. பனியின் எடை குறையுங்கால் அதன் ஈர்ப்பும் குறைதலை இரட்டை விண்கோள்களால் உணர்வது மூன்றாவது. 2002ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கிரேஸ் விண்கோள்கள் இதனைத் தொடங்கின. தம்முள் தொடர்பற்ற மூன்று கணக்கர் ஒரே பேரேட்டை எழுதி ஒப்புநோக்குதல் போன்றது இது. அவர்கள் கூடிக் கண்ட முடிவு: 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் ஏறக்குறைய 7.5 இலட்சம் கோடி டன் பனிக்கட்டியை இழந்துள்ளன. அதனாற் கடல்மட்டம் 21 மில்லிமீட்டர் உயர்ந்தது.

பனிப்படலம் பழைய கணக்கையும் தன்னுள் வைத்திருக்கின்றது. அதன் அடுக்குகளிற் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்து, எட்டு இலட்சம் ஆண்டுகளாகக் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை எனக் கண்டனர். இன்று அது 420 பங்கையும் கடந்துவிட்டது. கல்லிற் பொறித்தது ஆயிரமாண்டுச் சாசனம்; பனியிற் பொதிந்தது அதனினும் எண்ணூறு மடங்கு பழைமையானது.

நமக்கென்ன?

"நம் பாலாறும் செய்யாறும் மழையாறுகள், பனிக்கும் நமக்கும் என்ன உறவு?" என மாணவர் வினவலாம். ஓர் எளிய சோதனையால் விடை காணலாம். இரு குவளைகளில் நீர் ஊற்றுக. ஒன்றிற் பனிக்கட்டியை மிதக்க விடுக. மற்றொன்றிற் கல் ஒன்றை நீருக்கு மேல் நிற்குமாறு வைத்து, அதன்மேற் பனிக்கட்டியை வைக்க. இரண்டும் உருகியபின் முதற் குவளையில் நீர்மட்டம் மாறாது, இரண்டாவதில் உயரும். நிலத்தின்மேலுள்ள பனியே கடலை உயர்த்துவது என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. பெரும் பனிப்படலம் தன் ஈர்ப்பாற் கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கின்றது. பனி குறையின் அவ்விழுப்புத் தளர்ந்து, நீர் அதனை விட்டுத் தொலைவுக்குச் செல்கின்றது. ஆகவே துருவத்துப் பனி உருகுதலால் உண்டாகும் உயர்வு, துருவத்திற்கு அண்மையில் குறைந்தும், நம்மைப்போல் தொலைவிலுள்ளார் கரையிற் சராசரியினும் சற்று மிகுந்தும் காணப்படும். பாலாறு கடலிற் கலக்கும் கரையிலே கிணற்று நீர் உவர்த்தலும் கரை அரித்தலும் அக்கணக்கின் ஒரு பகுதியாகக்கூடும். எங்கோ ஒருவர் செய்த செலவு நம் பேரில் எழுதப்படுகின்றது.

இக்கணக்கில் நம்மவர் பங்கும் உண்டு. இமயச் சிகரங்களை அளந்த பெரு நில அளவையின் முதல் அடிக்கோடு 1802ஆம் ஆண்டில் சென்னைக்கு அண்மையிலுள்ள பரங்கிமலைப் பக்கத்திலேயே அளக்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற விஞ்ஞானி வீ. இராமநாதன், குளிர்பதன வாயுக்கள் பூமியின் வெப்பத்தை மிகுவிக்கும் என்பதை 1975ஆம் ஆண்டில் நிறுவினார். அடுப்பினின்றும் வண்டியினின்றும் எழும் கரிப்புகை இமயப் பனியைப் பாதித்தலையும் அவர் பின்னர் ஆராய்ந்தார். வெண்பனிமேற் கரி படியின் அது வெயிலை மிகுதியாக உண்டு விரைந்து உருகும்.

ஆயினும் குறை பெரிது. இந்திய இமயத்திற் பனியாறுகள் ஒன்பதாயிரத்திற்கு மேற்பட்டவை. அவற்றுள் கழி நட்டுப் பல்லாண்டு தொடர்ந்து அளக்கப்பட்டன விரல்விட்டு எண்ணத்தக்கன. வாரியம் இல்லாத ஏரிகளாகவே பெரும்பாலன கிடக்கின்றன. இப்பணிக்குப் பௌதிகமும், கணிதமும், மலையேறும் உடலுரமும், அனைத்தினும் மேலாக ஆண்டுதோறும் அதே கழியை அதே நாளிற் சென்று பார்க்கும் பொறுமையும் வேண்டும். பனியைக் காணாத நாட்டிற் பிறந்தமை இதற்குத் தடையன்று.

உத்திரமேரூர்ச் சபையில் எல்லார்க்கும் இடமிருந்ததில்லை. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே குடவோலையிற் பெயர். அக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பொதுநீரை ஆள்வோன் பொதுவிற் கணக்குக் காட்டல் வேண்டும் என்று அவர்கள் கல்லில் எழுதிய விதி இன்றும் செல்லும். பல்லவர் காலத்துச் சாசனங்களில் வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்ற அவ்வூர் ஏரிக்கரையில் நிற்கும் மாணவன், தன் கண்முன் உள்ள நீருக்கும், தான் காணாத பனிக்கும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இவ்வாண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கணக்குக் காட்டுவார் யார்? அக்கேள்விக்கு விடைகூறப் புறப்படுவோர் சிலரேனும் நம் கல்லூரியினின்று எழுவராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.