வரப்பில் இருக்கட்டும் வெட்டுக்காயப் பூண்டு

"களைக்கொல்லி அடிச்சா ஒரே வாரத்துல வரப்பு சுத்தம்" என்கிறார்கள். முப்பது வருசம் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். வரவையும் பார்த்துவிட்டுத்தான் பற்று எழுதுவேன்.

கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூண்டு என்றெல்லாம் சொல்லும் இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த பல்லாண்டுச் செடி. வெள்ளிதழ் நுனியில் மூன்று பல், நடுவில் மஞ்சள். வருசம் முழுக்கப் பூக்கும். பயிரில் பூவே இல்லாத மாசத்திலும் தேனீ, வண்ணத்துப்பூச்சி, புழுவில் முட்டையிடும் குளவி எல்லாம் இதில்தான் தேன் குடிக்கும். அதுதான் வரவு.

பாத்திக்குள் மட்டும் விடாதீங்க. கணுவுக்குக் கணு வேர் விடும். விதை பஞ்சோடு காத்தில் பறக்கும். பஞ்சு கட்டுமுன் கையால் பிடுங்கி, வெயிலில் நல்லாக் காயவைத்து மூடாக்குப் போடுங்க. பச்சையாப் போட்டா திரும்ப வேர் பிடிச்சுக்கும். வரப்பில் மிஞ்சியதை அறுத்து முயலுக்குப் போடலாம், விரும்பித் தின்னும்.