ஹெரால்டுக்கு என்ன டயர்?

கேள்வி: தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டத் தயார் செய்கிறேன். ஸ்போர்ட்ஸ் காராக்க அகல டயரும் கெட்டியான ஷாக்கும் போடலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: அகல டயர் வேண்டவே வேண்டாம். 1961-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய இந்த காரும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள். பின்பக்க 'ஸ்விங் ஆக்சில்' இரண்டுக்கும் பொது. இதனால், திருப்பத்தில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் தூக்கி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். டயரின் பிடி கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும். 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல்தான் பின் ஸ்பிரிங்கை மாற்றி இதை அடக்கினார்கள்.

பழைய அளவு 5.20-13. அதற்கு நெருக்கமான 145/80 ஆர்13 ரேடியலே போதும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும், நைலானையும் ரேடியலையும் கலக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் தயாரான தேதியைச் சொல்லும் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். வீட்டு முகப்பில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு டயர் தேய்வதைவிட முதுமைதான் எதிரி.

ஷாக்கைக் கம்பெனி அளவிலேயே, ஜோடியாக மாற்றுங்கள். கெட்டியானதைப் போட்டால் உங்கள் ஊர் ரோட்டில் இடுப்புதான் போகும்! அதற்குமுன் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா, ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆட்டம் அங்கேதான்.