இரைப்பை அமிலம் நமக்குப் பகையா?



‘காஸ்ரிக்’ என்றதும் ஒமெப்பிரசோல் குளிசையைத் தேடுவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சுவீடனில் உருவாக்கப்பட்டு 1988இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, இரைப்பைப் புண்ணால் வருந்திய பலருக்குப் பெரும் நன்மை செய்துள்ளது. ஆனால், சில வாரங்களுக்கென எழுதிக் கொடுக்கப்பட்ட குளிசை ஆண்டுக்கணக்காகத் தொடர்கின்றதே! அதனால் வருவது என்ன என்பதை இங்கு நோக்குவோம்.

அமிலத்தின் பணி

இரைப்பையில் சுரக்கும் ஐதரோகுளோரிக்கமிலம் உணவின் சமிபாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. உணவோடும் நீரோடும் உமிழ்நீரோடும் உட்செல்லும் கிருமிகளுட் பெரும்பாலானவற்றை அது அழித்துவிடுகின்றது. அதற்கப்பால், பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. இவை நம் பகைவரல்ல. நாம் உண்ணும் நார்ப்பொருளைச் சிதைத்துக் குடலுக்கு ஊட்டமளிப்பவை. தீய கிருமிகளுக்கு இடங்கொடாதிருப்பவை.

அமிலம் குறைந்தால்

இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய ‘பம்பு’களை ஒமெப்பிரசோல் போன்ற மருந்துகள் நிறுத்திவிடுகின்றன. அப்போது வாயில் வாழும் பற்றீரியாக்களும் உயிரோடு குடலை அடைகின்றன. நெதர்லாந்திலும் பிரித்தானியாவிலும் நடத்தப்பட்டு 2016இல் வெளியான இரு ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் 1,800க்கு மேற்பட்டோரின் மலத்தைச் சோதித்து இதனைக் காட்டின. மருந்து பாவிப்போரின் குடலில் வாய்க்குரிய பற்றீரியாக்கள் பெருகியிருந்தன. பற்றீரியாக்களின் பல்வகைமை குறைந்திருந்தது.

தீங்கு எவ்வளவு?

கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ‘சி. டிபிசில்’ என்னும் பற்றீரியாவுக்கும் இம்மருந்துகளுக்கும் தொடர்பிருக்கலாம் என ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2012இல் எச்சரித்தது. எனினும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 17,000க்கு மேற்பட்ட இருதய, இரத்தக்குழாய் நோயாளர் ஏறத்தாழ 3 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். மருந்தற்ற போலிக் குளிசை எடுத்தோரில் ஆயிரத்துக்கு 10 பேருக்கும், இவ்வகை மருந்தொன்றை எடுத்தோரில் ஆயிரத்துக்கு 14 பேருக்கும் குடற்றொற்று ஏற்பட்டது. சிறுநீரக நோய், மறதிநோய், எலும்பு முறிவு என்பன அதிகரித்ததாகக் காணப்படவில்லை.

நாம் செய்யவேண்டியவை

1. “இம்மருந்து எனக்கு ஏன்? எவ்வளவு காலத்துக்கு?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்காதீர்கள்.

2. நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள். நெடுநாள் பாவித்தவருக்கு அமிலம் முன்னரிலும் அதிகமாகச் சுரந்து, சில வாரங்களுக்கு நெஞ்செரிவு மிகலாம். வைத்தியரின் ஆலோசனைப்படி படிப்படியாகக் குறைத்தலே நன்று.

3. இரத்தம் கசிந்த புண் உள்ளவர்களுக்கும், அஸ்பிரின் எடுக்கும் முதியோர் பலருக்கும் இம்மருந்து பாதுகாப்பாகும். அவர்கள் அதைக் கைவிடுதல் ஆபத்து.

4. இராச்சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுங்கள். சிலருக்கு இதுவே நெஞ்செரிவைத் தணித்துவிடும்.

வீட்டு அலுமாரியில் இக்குளிசை இருக்குமாயின், அதை எடுப்பவர் யார், எப்போது தொடங்கினார் என்பதை இன்றே விசாரித்தறியுங்கள். அடுத்த முறை வைத்தியரைக் காணும்போது அவ்விபரம் பெரிதும் உதவும்.