பின்னோக்கி நகரும் சக்கரம்: ஹை-பிவட் சைக்கிள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் எண்டியூரோ தனி ரகம். ஏற்றத்தைப் பெரும்பாலும் பெடல் மிதித்தே ஏறியாக வேண்டும். ஆனால் நேரத்தைக் குறிப்பது இறக்கத்துக்கு மட்டும். ஏறும்போது சோர்வு தராமலும், இறங்கும்போது பாறையையும் வேரையும் தாங்கியும் ஓட வேண்டிய வண்டி அது. இந்த இரட்டை வேலைக்கென்று சில ஆண்டுகளாகப் பரவி வரும் ஃபிரேம் அமைப்புதான் ஹை-பிவட்.

விஷயம் இவ்வளவுதான். சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மலை சைக்கிளில் பின் சக்கரத்தைத் தாங்கும் கை, பெடல் அச்சுக்குச் சற்று மேலே கீல் போட்டதுபோல இணைந்திருக்கும். ஹை-பிவட்டில் அந்த இணைப்பு நன்றாக மேலே ஏறிவிடுகிறது. அதனால் சக்கரம் ஒரு கல்லில் மோதி எழும்பும்போது மேலே மட்டும் போகாமல் பின்பக்கமாகவும் நகர்கிறது. அப்படி நகர்ந்தால் முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடும், செயின் இழுபடும், பெடல் காலை உதைக்கும். அதைத் தவிர்க்க, மேல்பக்கச் செயினை அந்த உயரமான பிவட்டுக்கு அருகே கொண்டுபோக ஒரு சிறு பல்சக்கரம் வைக்கிறார்கள். அதன் பெயர் ஐட்லர். இந்த வண்டி வாங்கியவர்களின் புகழ்ச்சியும் புலம்பலும் முக்கால்வாசி அந்தச் சின்னச் சக்கரத்தைச் சுற்றியே வருகின்றன.

கனடாவின் வான்கூவர் தீவில் கம்பர்லேண்ட் என்ற சிற்றூரிலிருந்து இயங்கும் ஃபர்பிடன் நிறுவனம் 2019-ல் ட்ரூயிட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 2021 என்ற ஒரே ஆண்டில் அதே நிறுவனத்தின் ட்ரெட்நாட், நார்கோவின் ரேஞ்ச், கேனன்டேலின் ஜெக்கில், ஜிடியின் ஃபோர்ஸ் என்று வரிசையாக வந்தன. 2023-ல் ட்ரெக் தன் ஸ்லாஷ் வண்டியையும் இந்தப் பக்கம் திருப்பியது. ஆக, சொந்தக் காசு போட்டு வாங்கி, பல மழைக்காலம் ஓட்டிப் பார்த்தவர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கட்சி இதை மந்திரம் என்கிறது. இன்னொரு கட்சி இரைச்சல் இயந்திரம் என்கிறது. இரண்டு கட்சியிலும் கொஞ்சம் கட்டுக்கதை உண்டு.

நம்பிக்கை: இது நேற்று வந்த கண்டுபிடிப்பு.

உண்மை: இல்லை. கனடாவின் கியூபெக்கில் பால்ஃபா என்ற நிறுவனம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பிபி7 என்ற இறக்கப் பந்தய வண்டியில் உயரமான பிவட்டையும் ஐட்லரையும் வைத்திருந்தது. அன்டோராவைச் சேர்ந்த கமான்சால் நிறுவனத்தின் ஹை-பிவட் வண்டியில்தான் பிரான்ஸின் அமோரி பியரோன் 2018, 2022 உலகக் கோப்பை இறக்கப் பந்தயத் தொடர்களை வென்றார். இறக்கப் பந்தய வண்டியை லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுபோவார்கள், மிதித்து ஏறுவதில்லை. ஆகவே செயினில் கூடுதல் உராய்வு வந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. எண்டியூரோவுக்கு இந்த அமைப்பு வர இன்னொரு தடையும் நீங்க வேண்டியிருந்தது. முன்னால் இரண்டு மூன்று பல்சக்கரங்கள் இருந்த காலத்தில் செயின் இடமும் வலமும் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நிற்கும் ஐட்லர் அதற்கு ஒத்துவராது. 2012-ல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 மூலம் முன்னால் ஒரே பல்சக்கரம் என்ற வழக்கத்தைப் பரப்பிய பிறகுதான் கதவு திறந்தது.

நம்பிக்கை: 150 மி.மீ. சஸ்பென்ஷன் இருந்தாலும் 180 மி.மீ. இருப்பது மாதிரி ஓடும்.

உண்மை: வாங்கிய மகிழ்ச்சியில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இதுதான். பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால்தான் காசு வீணாகாது.

செங்கல் போல நேராக நிற்கும் ஒரு பாறை விளிம்பில் சக்கரம் மோதுவதாக வைத்துக்கொள்வோம். அந்த அடி சக்கரத்தை மேலே மட்டும் தள்ளுவதில்லை, பின்பக்கமாகவும் தள்ளுகிறது. சாதாரண ஃபிரேமில் சக்கரத்தின் பாதை ஏறக்குறைய நேர்மேலாக, சக்கரம் எழும்பும் பயணத்தின் பிற்பகுதியில் முன்பக்கம் சாய்ந்துகூட, போகும். அடி ஒரு திசை, சக்கரம் போகும் திசை வேறு. மிச்சமிருக்கும் பின்னோக்கிய விசை முழுவதும் ஓட்டுபவரின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஹை-பிவட்டில் அடி வரும் திசையிலேயே சக்கரம் ஒதுங்குகிறது. அடுத்தடுத்துப் பாறைகள் வரும் இறக்கத்தில் “வேகம் குறையவே இல்லை” என்று வாங்கியவர்கள் சொல்வது பிரமை அல்ல. கூடவே, ஐட்லர் இருப்பதால் பெடல் காலை உதைப்பதும் வெகுவாகக் குறைகிறது. பாதம் பெடலில் அசையாமல் நிற்பதே பாதி நிம்மதி.

ஆனால் ஆறடி உயரத்திலிருந்து குதித்துத் தரையில் விழும்போது அடி நேர் கீழிருந்து வருகிறது. அப்போது சக்கரம் பின்னே நகர்வதால் பெரிய ஆதாயம் இல்லை. எத்தனை மி.மீ. பயணம் இருக்கிறது, ஷாக்கின் (அதிர்ச்சி தாங்கியின்) காற்றழுத்தமும் டேம்பிங்கும் (துள்ளலை அடக்கும் அமைப்பும்) சரியா என்பதே அங்கே கணக்கு. 150 அங்கே 150-தான். “பாறையில் பஞ்சு மாதிரி போகிறது, குதித்தால் மட்டும் அடிவரை போய் இடிக்கிறது” என்று குழம்புபவர்களுக்குப் பதில் இதுதான். ஃபிரேமில் குறை இல்லை. இரண்டும் வெவ்வேறு அடி. மண் பாதையும் வழவழப்பான வளைவுகளுமாக இருக்கும் ஊரில் ஓட்டுபவருக்கு இந்த அமைப்பின் சிறப்பு கடைசிவரை தெரியாமலேகூடப் போகலாம்.

நம்பிக்கை: இது ஏற்றத்தில் ஏறாது.

உண்மை: ஏறும். வாங்கியவர்களில் பலர் எதிர்பாராமல் மகிழ்ந்தது இந்த இடத்தில்தான். பிவட் உயரமாக இருப்பதால், மிதிக்கும் விசையே பின் சஸ்பென்ஷன் அமுங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை ஐட்லரை எங்கே வைக்கிறோம் என்பதை வைத்து வடிவமைப்பாளர் கட்டுப்படுத்தலாம். வேரும் கல்லுமான ஏற்றத்தில் பின் சக்கரம் தரையை விடாமல் பற்றிக்கொள்கிறது.

உராய்வு உண்டா? உண்டு. இல்லை என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். கியர் மாற்றியில் இருக்கும் இரண்டு சிறு சக்கரங்கள் செயினின் தளர்ந்த பக்கத்தில் சுழல்கின்றன. அங்கே இழப்பு அற்பம். ஐட்லர் சுழல்வது நம் கால் பலம் முழுவதும் ஓடும் மேல்பக்கத்தில். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அங்கே ஒருமுறை மடங்கி நிமிர வேண்டும். கிணற்று ராட்டினம் சின்னதாக இருந்தால் கயிறு அதிகம் மடங்கி இழுப்பது கடினமாகிறதல்லவா, அதே கதைதான். ஐட்லருக்குப் பல் எண்ணிக்கை கூடக் கூட மடக்கம் குறையும், இழப்பும் குறையும். ட்ரெக் ஸ்லாஷில் 19 பல் ஐட்லர் வைத்ததற்குக் காரணம் இதுவே. சுத்தமான, எண்ணெய் போட்ட செயினில் இந்த வித்தியாசத்தைக் கால் உணர்வது கடினம். மண் ஏறி வறண்ட செயினில் எவருக்கும் தெரியும்.

இன்னொன்று, சத்தத்தை உராய்வு என்று எண்ணிவிடுவது. கார்பன் ஃபிரேம் உள்ளே கூடு. ஐட்லர் அதன்மேல் பொருத்தப்பட்டிருப்பதால் செயினின் கிரகிரப்பு பெரிதாகிக் கேட்கிறது. காதில் விழுவதால் கால் கனப்பதாக மனம் சொல்லும். எண்டியூரோ வண்டி எப்படியும் 16 கிலோவை ஒட்டி நிற்கும்; டயரும் தடிமன். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் ஐட்லரைத் திட்டுவதற்கு முன் டயரையும் பார்க்கலாம்.

நம்பிக்கை: பராமரிப்பில் சாதாரண வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

உண்மை: இதைக் கடையில் சொல்வார்கள். வித்தியாசம் இருக்கிறது. பெரிதல்ல, ஆனால் தள்ளிப்போட முடியாதது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடற்கரை மலைகளில் குளிர்காலம் முழுக்க மழையும் சேறும். அங்கே சாதாரண வண்டியை இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டால் ஓடும். ஹை-பிவட்டுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு செய்ய வேண்டும். ஐட்லரின் பற்களுக்கிடையே அப்பும் மணல் செயினோடு சேர்ந்து அரைக்கிறது. பற்களின் பக்கவாட்டு முதலில் தேயும். ஏனென்றால் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்தில் செயின் இருக்கும்போது அது ஐட்லரிலிருந்து சாய்வாகத்தான் போகிறது. அந்த நிலையில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் சில வண்டிகளில் செயின் ஐட்லரை விட்டு இறங்கிவிடும். வாங்கிய புதிதில் பலரும் இதை வண்டிப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

ஐட்லருக்குள் இருக்கும் பேரிங் ஒரு ரூபாய் நாணய அளவுப் பொருள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால் அதிலிருக்கும் கிரீஸ் போய்விடும், பிறகு துரு. வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

செயின் நீளம் இன்னொரு பொறி. பெட்டியில் வரும் செயினுக்கு வழக்கமாக 126 கண்ணிகள். செயின் ஐட்லரைச் சுற்றி வருவதால் சில ஃபிரேம்களில், குறிப்பாகப் பெரிய அளவுகளில், அது எட்டாது. இரண்டாவது செயின் வாங்கி, அதிலிருந்து சில கண்ணிகளை எடுத்து இணைக்க வேண்டிவரும். அளவு எடுக்கும் முறையும் வேறு: ஷாக்கில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சக்கரத்தைப் பயணத்தின் எல்லைவரை அமுக்கி, செயினைப் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயினின் இழுப்பை ஐட்லர் பார்த்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கம் நீள்வதைக் கியர் மாற்றிதான் தாங்கியாக வேண்டும். அங்கே செயின் குட்டையாக இருந்தால் கியர் மாற்றியே பிய்ந்து வந்துவிடும். பல ஃபிரேம்களில் கீழேயும் ஒரு வழிகாட்டிச் சக்கரம் வைத்திருப்பது இதற்காகத்தான். எடை குறைக்கிறேன் என்று அதைக் கழற்றி எறிபவர்கள் பிறகு செயின் கழல்வதைப் பற்றிப் புகார் சொல்லக் கூடாது.

நம்பிக்கை: வண்டி நீளமாகிவிடுவதால் வளைவில் திரும்பாது.

உண்மை: பின் சக்கரம் பின்னே போவதால் அமுங்கும்போது வண்டி நீள்வது நிஜம். எடை அதனால் முன் சக்கரத்தின் பக்கம் நகர்கிறது. வளைவில் முன் டயர் நன்றாகக் கடிக்கிறது. வேகமான வளைவில் இது வரம். முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது, சிறு பள்ளத்தைத் தாண்டக் குதிப்பது போன்ற விளையாட்டுகளுக்கு இது தண்டனை. ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திப் பலர் சமாளிக்கிறார்கள். ஃபர்பிடன் போன்ற சிலர், உயரமானவருக்கான ஃபிரேமுக்கு நீளமான பின்பகுதி, குட்டையானவருக்குக் குறைந்த நீளம் என்று அளவுக்கேற்ப மாற்றித் தருவதும் உதவுகிறது.

நம்பிக்கை: பிரேக் பிடித்தால் பின்பக்கம் வேலை செய்யாது.

உண்மை: எல்லா ஹை-பிவட்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ட்ரூயிட், ட்ரெட்நாட், ஸ்காட்லாந்தின் டீவியேட் வண்டிகள் ஒற்றைப் பிவட் வகை. பிரேக் பிடிக்கும்போது இவற்றின் பின்பகுதி கீழே அமரும். செங்குத்தான இறக்கத்தில் அது பிடித்தவர்களும் உண்டு, முரட்டுத்தனமாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. ரேஞ்ச், ஜெக்கில், ஃபோர்ஸ் ஆகியவற்றில் பின் சக்கரத்துக்கு அருகே இன்னொரு இணைப்பு இருப்பதால் பிரேக்கின் பாதிப்பு குறைவு. வாங்குமுன் எது எந்த வகை என்று பார்த்தால் போதும்.

நம்பிக்கை: பந்தயத்தில் ஜெயிப்பவர்கள் எல்லாம் இதைத்தான் ஓட்டுகிறார்கள்.

உண்மை: இறக்கப் பந்தயத்துக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. எண்டியூரோவில் இல்லை. உலகத் தொடரை 2021-ல் ஜாக் மோயர் கேன்யன் வண்டியிலும், 2022-ல் ஜெஸ்ஸி மெலமெட் ராக்கி மவுண்டன் வண்டியிலும், 2023-ல் ரிச்சி ரூட் யெட்டி வண்டியிலும் வென்றார்கள். மூன்றிலும் ஐட்லர் கிடையாது.

என் கணிப்பு: பாறையும் வேரும் நிறைந்த, வேகமான இறக்கங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து, செயினைத் துடைக்கும் பழக்கமும் இருந்தால் இந்த ஃபிரேம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் சாதாரண ஃபிரேமே மேல். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் செயினைக் கழற்றிவிட்டு ஐட்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங்குக்கும் ஐட்லருக்குமான விலையைக் கழித்துக் கேளுங்கள். அந்த மாடலுக்கு உதிரி ஐட்லர் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள். விற்பவர் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால், வேறு வண்டி பாருங்கள்.