மரத்தின் பெயர் தாங்கிய ஊரும் கோயிலும்

ஒரு நகரத்தின் வரைபடத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றை மட்டும் குறித்துப் பாருங்கள். அந்நகருக்கு யார், எந்த வேலைக்காக வந்தார்கள் என்பது ஓரளவு விளங்கிவிடும். மக்களின் நம்பிக்கையும் தொழிலும் நிலத்தில் எவ்வாறு பதிகின்றன என ஆராய்வது பண்பாட்டுப் புவியியல். அதற்கான பாடத்தை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூர் நகர மையத்திலிருந்து வடமுனையான செம்பவாங் வரை சென்றால் போதும்.

பழைய நகரம்: மக்கள் பெயர்ந்தனர், கோயில் நின்றது

சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும், 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அருகருகே உள்ளன. துறைமுகத்தையும் வணிகத்தையும் நம்பி வந்த தமிழர்களின் முதல் தடங்கள் இவை. பின்னர் மாட்டுத் தொழிலும் சுண்ணாம்புச் சூளைகளும் இந்தியர்களைச் சிராங்கூன் சாலைக்கு இழுத்தன. அங்கே 1855இல் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும், 1881இல் வீரமாகாளியம்மன் கோயிலும், 1907இல் டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் எழுந்தன. ரேஸ் கோர்ஸ் சாலையில் 1927இல் ஒரு புத்தர் கோயிலும் தோன்றியது.

இப்பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. வழிபாட்டு இடங்களோ அங்கேயே நின்றன. அவற்றுள் சில இன்று தேசிய நினைவுச் சின்னங்கள்.

செம்பவாங்: கோயிலும் பெயர்ந்தது

‘செம்பவாங்’ என்பது மலாய் மொழியில் ஒரு மரத்தின் பெயர். நம் புன்னை மரத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அம்மரங்கள் நின்ற கரையோரத்தில் பெரிய கடற்படைத் தளம் ஒன்றை அமைக்க பிரிட்டிஷ் அரசு 1923இல் முடிவு செய்தது. அதன் மாபெரும் கப்பல் பழுதுபார்ப்புத் துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தளத்தின் வேலைகளுக்குத் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் வந்தனர். மலாய்க்காரர்களும் சீனர்களும் உடன் உழைத்தனர்.

ஊர்ப்பெயர்களே இக்கதையைச் சொல்லும். கேன்பரா, வெலிங்டன், ஜிப்ரால்டர் எனச் சாலைகளுக்குப் பேரரசின் ஊர்களது பெயர்கள் இடப்பட்டன. பக்கத்து ஈசூனின் பெயர், ரப்பர், அன்னாசித் தோட்டங்களுக்குப் பேர்போன லிம் நீ சூனின் பெயரைச் சீன மாண்டரின் ஒலிப்பில் எழுதியது. சொங் பாங் அவருடைய மகனின் பெயர். ஆனால் தளத்தில் உழைத்த தமிழரின் பெயரை எந்தச் சாலையில் தேடுவது? அவர்களின் தடத்தை வழிபாட்டு இடங்களில்தான் தேட வேண்டும்.

1960களில் கேன்பரா சாலைப் பகுதியில், ஒரு மரத்தடியில் முருகன் வழிபாடு தொடங்கியது. தளத்தின் தொழிலாளர்கள் அதை வளர்த்தனர். 1968இல் பிரிட்டிஷார் வெளியேற்றத்தை அறிவித்தனர். பழுதுபார்ப்புத் துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் துணையோடு நாடெங்கும் புதிய நகரங்கள் உருவாயின. கம்பங்கள் மறைந்தன. மரத்தடி முருகனும் இடம்பெயர்ந்து ஈசூன் தொழிற்பேட்டைக்கு வந்தார். 1996இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. ஆயினும் கோயில் இன்றும் ‘புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்’ என்றே வழங்குகிறது. மரம் இருந்த இடம் மாறியது, பெயர் மாறவில்லை.

பள்ளிவாசல்களின் கதை வேறு. செம்பவாங் மலாய்க் குடியிருப்பில் 1963இல் கட்டப்பட்ட பள்ளிவாசல், கம்பம் மறைந்த பின்னும் மரங்களிடையே நிற்கிறது. புதிய நகரத்துக்கெனக் கட்டப்பட்ட அஷ்ஷஃபாஆ பள்ளிவாசல் 2004இல் திறக்கப்பட்டது. வழக்கமான குவிமாடம் அதற்கு இல்லை. ஆக, பழையது நிற்றல், பெயர்ந்து வாழ்தல், புதிதாய் எழுதல் என்னும் மூன்று நிலைகளையும் இவ்வட்டாரத்திலேயே காணலாம்.

பெயர்ந்த கோயில் தலம் ஆகுமா?

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று இடத்தையும் சேர்த்து எண்ணுவது நம் மரபு. அப்படியானால் இடம் மாறிய கோயிலுக்குப் பெருமை குறையுமா? மயிலாப்பூரை நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து, பின்னரே இன்றைய இடத்தில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கும் தல மரம் புன்னையே. இடம் மாறியபோதும் மயிலை தலமாகவே நீடித்தது, மக்கள் அதன் நினைவை விடாமல் சுமந்ததால்.

செம்பவாங்கிலும் ஈசூனிலும் இந்த நினைவுக்கு இன்னொரு தேவை உண்டு. 1989 முதல் வீவக வீடுகளில் இன ஒதுக்கீட்டு முறை நடப்பில் உள்ளது. ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்லிணக்கத்துக்கு இது துணைசெய்கிறது. அதே வேளையில், தமிழர் தெரு என்று ஒன்று இங்கே உருவாக வழியில்லை. அதனால் நம் பேட்டை இடத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று காவடிகளோடு மக்கள் திரளும்போது அப்பேட்டை ஒரு நாள் கண்ணுக்குத் தெரிகிறது, மறுநாள் மறைந்துவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

இடத்தில் இருப்பதை வரைபடம் காட்டும். நாளில் இருப்பதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். கடற்படைத் தளத்தில் இளைஞராய் உழைத்தவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். மரம் எங்கே நின்றது, முதல் காவடி எந்த வழியே சென்றது என்பன அவர்கள் நினைவில்தான் உள்ளன. ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “எந்த வேலைக்காக இங்கே வந்தீர்கள்? அப்போது எங்கே கும்பிட்டீர்கள்?” விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்து, ஆண்டையும் எழுதி வையுங்கள். அச்சிட்ட எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு செம்பவாங் உங்கள் தாளில் இருக்கும்.