வெட்ட வெட்டத் துளிர்க்கும் உண்ணிச்செடி

கேள்வி: மைசூரு மாவட்டம் எச்.டி.கோட்டை அருகே, காட்டை ஒட்டி எங்களுக்கு நிலம் இருக்கிறது. உண்ணிச்செடியை ஆண்டுதோறும் வெட்டி எரிக்கிறோம். மழை பெய்ததும் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. ஒழிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் தீ வைப்பதை நிறுத்துங்கள். தீயில் புல்லும் நாட்டு மரக்கன்றுகளும் கருகும். உண்ணிச்செடி அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தண்டை வெட்டினாலும் அதே கதைதான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினரின் முறை எளிமையானது: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். தண்டு மண்ணைத் தொடாததால் வேர் பிடிக்காமல் காய்ந்துவிடும். காய் கருப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

பழம் தின்ற பறவைகள் எச்சமிடும் மரத்தடிகளில்தான் புதுக் கன்றுகள் முளைக்கும். இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு அங்கே பிடுங்கிவிட்டு, வெற்றிடத்தில் உடனே நாட்டுப் புல் விதைகளைத் தூவுங்கள். இலை நஞ்சு, மாடுகளை அண்டவிடாதீர்கள். தண்டு வீணல்ல. மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் அதில் நாற்காலி முடைகிறார்கள்.