ஓட்ட ஷூ எல்லா ஆட்டத்துக்கும் ஆகுமா?

“நல்லதா ஒரு ரன்னிங் ஷூ எடுத்துட்டா நடை, ஜிம், ஷட்டில் எல்லாத்துக்கும் அதுவே போதும்.” ஷூ கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நடைக்குப் போதும், அதில் தவறில்லை. காலையில் மெரினாவில் நடக்கிறவர் ரன்னிங் ஷூவோடு தாராளமாக நடக்கலாம். நடைக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. சிக்கல் ஷட்டில் கோர்ட்டில்தான் வருகிறது.

ஓடும்போது கால் நேராக முன்னால் போகிறது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்கும். அதைத் தாங்கத்தான் ரன்னிங் ஷூவின் அடியில் தடித்த நுரை வைக்கிறார்கள். பல மாடல்களில் குதிகால், முன்பாதத்தைவிட 8 முதல் 12 மி.மீ. வரை உயர்ந்திருக்கும். ஷட்டில் ஆடுகிறவரோ பக்கவாட்டில் எட்டிப் பாய்ந்து சட்டென்று நிற்க வேண்டும். அப்போது மொத்த எடையும் பாதத்தின் வெளிவிளிம்பில் விழுகிறது. உயரமான நுரை அந்த ஓரமாக அமுங்க, பாதம் சாய்ந்து கணுக்கால் பிசகுகிறது. ஷட்டில் ஷூ தரையை ஒட்டித் தாழ்வாக இருப்பதும், அதன் பக்கங்கள் விறைப்பாக இருப்பதும், கோர்ட்டைப் பற்றிக்கொள்ளும் கம் ரப்பர் அடியில் இருப்பதும் இதைத் தடுக்கத்தான். அந்த ரப்பர் மென்மையானது, தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் பையில் எடுத்துப்போய் கோர்ட்டில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எடை தூக்கவும் நுரை ஆகாது. தோளில் பாரத்தோடு ஸ்குவாட் செய்யும்போது காலடியில் ஆட்டம் இருக்கக் கூடாது. பளுதூக்கும் வீரர்களின் ஷூவிலும் குதிகால் உயரம்தான், ஆனால் அது அமுங்காத கெட்டிப் பொருளால் ஆனது. டெட்லிஃப்ட் செய்ய, அடி தட்டையாக உள்ள சாதாரண கேன்வாஸ் ஷூவே நன்றாக உதவும்.

“விலை கூடினால் பாதுகாப்பும் கூடும்” என்பது அடுத்த நம்பிக்கை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடந்து, 2008இல் அச்சில் வந்த ஓர் ஆய்வு, மூன்று நிறுவனங்களின் ரன்னிங் ஷூக்களை விலை குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று பிரித்து ஒப்பிட்டது. பாதத்தில் விழும் அழுத்தத்திலும் சரி, அணிந்தவர்கள் உணர்ந்த சௌகரியத்திலும் சரி, விலைக்கேற்ற உயர்வு தெரியவில்லை. மாதக் கடைசியில் கடன் வாங்கி விலையுயர்ந்த ஷூ எடுக்கும் இளைஞர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கடையில் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தட்டைப் பாதம், இந்த மாடல்தான் போடணும்” என்பார்கள். கேட்கும்போது அறிவியல் போலவே இருக்கும். அமெரிக்க ராணுவம் இதைத் தன் தரைப்படை, விமானப்படை, மரீன் படைகளில் அடிப்படைப் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவினருக்குப் பாத வளைவைப் பார்த்து, அதற்குப் பரிந்துரைக்கப்படும் வகை ஷூ கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிந்தபோது இரு பிரிவிலும் காயங்களின் அளவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது வேறு. வலியே இல்லாதவரைத் தட்டைப் பாதம் என்று பயமுறுத்தி விற்பது நியாயமில்லை.

அப்படியானால் எதை நம்புவது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக், பல ஆண்டுகள் ஓட்டக்காரர்களின் காலை ஆராய்ந்தவர். காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதையே எடுங்கள் என்ற கருத்தை 2015இல் முன்வைத்தார். நாள் முழுக்க நின்று நடந்தால் பாதம் கொஞ்சம் உப்பும் என்பதால் மாலையில் கடைக்குப் போங்கள். விளையாடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். இரண்டு காலிலும் மாட்டி எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்கட்டும். “போடப் போட இளகிடும் சார்” என்றால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அது தோல் செருப்புக் காலத்துப் பேச்சு.

கடைசி நம்பிக்கை ஷூவே வேண்டாம் என்பது. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவரே 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, முந்தையதைவிடக் குறைந்த நேரத்தில் மறுபடி வென்றதை யாரும் சொல்வதில்லை. பழகியவர்கள் வெறுங்காலோடு நடப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் பூங்காக்களின் எட்டு வடிவ நடைபாதையில், கூழாங்கல்மேல் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். “சுகர் குறையும்” என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள். நடைதான் சர்க்கரையைக் குறைக்க உதவுகிறது, அதற்குக் கல் தேவையில்லை. நீண்டகால நீரிழிவில் பாதம் மரத்துப்போகும், கல் குத்தினாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகி, ஆறாமல், விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. தயவுசெய்து அங்கே வெறுங்காலோடு இறங்காதீர்கள். விரல்களை நெருக்காத, முன்பக்கம் அகலமான ஷூ போடுங்கள். மாட்டுவதற்கு முன் உள்ளே கைவிட்டுக் கல்லோ பிசிறோ இருக்கிறதா என்று தடவுங்கள். நடந்து வந்ததும் உள்ளங்காலை நீங்களே பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.